பூட்டிக் கிடக்கும் கணினி அறைகளும் ஒரு வழங்கியும்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையாவது வேண்டும். ரி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். விளைவாக, ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள், எந்தப் பழுதும் இல்லாத கணினிகள், லண்டனிலும் ரொரன்ரோவிலும் அலுவலகங்களிலிருந்து ஓரங்கட்டப்படுகின்றன. எங்கள் ஆட்கள் எதையும் வீணாக எறியச் சம்மதிக்காதவர்கள். ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பினால் என்ன என்ற எண்ணம் அவர்களுக்கு உடனே வந்துவிடும். பழைய மாணவர் சங்கங்களில் இன்னொரு சாரார், பழையது எதற்கு, காசு சேர்த்து இருபத்தைந்து புதுக் கணினிகளாகவே வாங்கிக் கொடுப்போம் என்கிறார்கள்.

இரு சாராரும் அவ்வப்போது என்னிடம் அபிப்பிராயம் கேட்பதுண்டு. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. நான் கலைப் பட்டதாரி. கணினி விஞ்ஞானம் படித்தவன் அல்லன். ஆனாலும் முப்பது வருடமாகக் கணினிகளுக்கு நடுவே பிழைப்பு நடத்தியவன் என்ற முறையிலும், செய்திக்காகப் பல பாடசாலைகளின் படியேறியவன் என்ற முறையிலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கணினிகளின் எண்ணிக்கையைப் பற்றி இரு சாராரும் பேசுகிறார்கள். அவற்றை யார் பராமரிப்பது என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் கணினி அறைகளின் வாழ்க்கை ஏறக்குறைய ஒரே மாதிரியானது. திறப்பு விழா நடக்கும். நாடா வெட்டப்படும். அன்பளித்தவரின் பெயரோடு கல்லும் பதிக்கப்படும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் யாரோ ஓர் ஆசிரியை பொறுமையாகத் தைத்துக் கொடுத்த துணியுறை போட்டிருக்கும். இரண்டு வருடம் கழித்துப் போனால் இருபதில் பன்னிரண்டு ஓடும். நான்கு வருடம் கழித்துப் போனால் அறையின் திறப்பு அதிபரின் மேசை இலாச்சியில் இருக்கும். "ஐ.சி.ரி. சேர் மாற்றலாகிப் போய்விட்டார்" என்பார்கள். துணியுறைகள் மட்டும் அப்படியே இருக்கும்.

இதற்குக் காரணம் ஆசிரியர்களின் அசட்டை என்று சொல்வது எளிது, ஆனால் நியாயமன்று. இருபது கணினி என்பது இருபது தனித்தனி வீடு. ஒவ்வொன்றிலும் ஒரு வன்தட்டு, அதற்குள் ஓர் இயங்குதளம், அதன்மேல் இருபது முப்பது மென்பொருள்கள், அவற்றுக்கு மாதாமாதம் புதுப்பித்தல்கள். ஒரு மாணவன் பென் டிரைவில் கொண்டுவந்த வைரஸ் ஒரு கணினியில் ஏறினால் வார இறுதிக்குள் வரிசை முழுவதும் ஏறிவிடும். ஒரு கணினியைத் துடைத்துப் புதிதாக நிறுவ அரை நாள் என்று வைத்தாலும், இருபதுக்கும் பத்து நாள். ஆறு பாடவேளை படிப்பித்து, விளையாட்டுப் போட்டிக்கு இல்லப் பொறுப்பாசிரியராக நின்று, பரீட்சைத் தாள் திருத்தும் ஒருவருக்கு அந்தப் பத்து நாள் எங்கிருந்து வரும்?

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. புதிதானதும் அன்று, நாற்பது வருடப் பழைய வழி. அறையில் ஒரேயொரு நல்ல கணினியை வைத்து, மற்றக் கணினிகள் எல்லாவற்றையும் அதிலிருந்தே, உள்ளக வலையமைப்பின் ஊடாக, இயங்கத் தொடங்கச் செய்வது. மற்றவற்றுக்கு வன்தட்டே தேவையில்லை. இருந்தாலும் கழற்றிவிடலாம். நடுவில் இருக்கும் அந்தக் கணினியை வழங்கி என்பார்கள். சேர்வர் என்று சொன்னால்தான் பலருக்கும் விளங்கும்.

வன்தட்டு இல்லாத கணினி எப்படி விழித்தெழுகிறது என்பதை முதன்முதலில் எனக்கு ஒருவர் விளக்கியபோது, அந்த அழகுக்காகவே எனக்குப் பிடித்துப்போயிற்று. மின்சாரம் கொடுத்தவுடன் அந்தக் கணினிக்குத் தன்னைப் பற்றி எதுவுமே தெரியாது, ஒன்றைத் தவிர. அதன் வலையமைப்பு அட்டையில் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட 48 பிற் நீளமான ஓர் இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கத்தைச் சொல்லி, அது வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி கூப்பிடுகிறது: இப்படி ஒருவன் எழும்பியிருக்கிறேன், எனக்கு ஒரு முகவரி தருவார் உண்டா? கேட்டுக்கொண்டிருக்கும் வழங்கி, உன்னுடைய ஐ.பி. முகவரி இது, நீ ஏற்றவேண்டிய கோப்பு இன்னது, அது இந்த இடத்தில் இருக்கிறது என்று பதில் அனுப்புகிறது. இந்தப் பேச்சுவார்த்தைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். அடுத்து ரி.எப்.ரி.பி. எனும் மிக எளிய முறையால் லினக்ஸின் கருநிரலைத் துண்டு துண்டாகக் கேட்டு வாங்குகிறது. 1981இல் வகுக்கப்பட்ட அந்த முறையில் ஒரு துண்டு 512 பைற். ஒரு துண்டு கிடைத்தது என்று சொன்னால்தான் அடுத்தது வரும். குழந்தைக்குச் சோறு தீத்துவது போல. இப்போது துண்டுகளைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், முறை அதுவேதான். கருநிரல் நினைவகத்தில் ஏறியதும் கணினிக்குக் கைகால் வந்துவிடும். வழங்கியிலுள்ள கோப்பு முறைமையைத் தன் சொந்த வன்தட்டுப் போல இணைத்துக்கொண்டு, ஓரிரு நிமிடத்தில் மாணவனின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டபடி நிற்கும்.

வழங்கியிலிருந்து வரும் அந்தக் கோப்பு முறைமையை எந்த மாணவனாலும் மாற்ற முடியாது. மாற்றியதுபோல் தோன்றுவதெல்லாம் அவன் இருக்கும் கணினியின் நினைவகத்தில் மட்டும் எழுதப்படுகிறது, நிறுத்தியதும் அழிந்துபோகிறது. அடுத்த நாட் காலை அத்தனை கணினியும் புதுக் கணினி. மாணவன் செய்த வேலை மட்டும் வழங்கியில் அவனுக்கென்று உள்ள இடத்தில் பத்திரமாக இருக்கும். நேற்று மூன்றாவது கணினியில் எழுதிய கட்டுரையை இன்று பதினேழாவது கணினியில் இருந்து தொடரலாம்.

இதில் ஒரு பலவீனமும் இருக்கிறது. விழித்தெழும் கணினி, தனக்கு முதலில் பதில் சொல்பவரை நம்பிவிடுகிறது. கடவுச்சொல் இல்லை, அடையாளம் கேட்பதில்லை. எங்கள் தொழிலில் இதைச் செய்தால் மறுநாள் மறுப்பறிக்கை பிரசுரிக்க வேண்டியிருக்கும். ஆகவே இந்த வலையமைப்பை அறைக்கு வெளியே கண்டபடி நீட்டக்கூடாது.

இந்த ஏற்பாடு உருவானது வறுமையால்தான், அதுவும் அமெரிக்கரின் வறுமையால். 1980களின் நடுப்பகுதியில் வன்தட்டுகளின் விலை மிக அதிகம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வன்தட்டே இல்லாத பணிநிலையங்களை விற்றது. அவை வலையமைப்பில் இருந்த பெரிய கணினியிலிருந்து எழுந்தன. 1985இல் பில் குரொப்ட், ஜோன் கில்மோர் என்ற இருவர் பூட்பி என்ற நெறிமுறையை எழுதினார்கள். மேலே சொன்ன டி.எச்.சி.பி. அதன் வழித்தோன்றல். கில்மோர் என்ற பெயர் பத்திரிகைத் துறையினருக்கு வேறு காரணத்தால் தெரிந்திருக்கும். 1990இல் எலெக்ட்ரோனிக் புரொன்டியர் பவுண்டேசன் என்ற இணைய உரிமை அமைப்பை உருவாக்கிய மூவரில் ஒருவர் அவர். இணையம் தணிக்கையை ஒரு பழுதாகவே கருதி அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்ற பொருளில் அவர் சொன்னது உலகெங்கும் எடுத்தாளப்பட்டது. தணிக்கையாளரின் மேசைக்குப் பக்கங்களை அனுப்பிவிட்டுக் காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, ஊமைக் கணினியை எழுப்பும் வழியைச் சொன்னவரும் இதைச் சொன்னவரும் ஒருவரே என்பதில் ஒரு தனி மகிழ்ச்சி.

வன்தட்டு மலிந்ததும் உலகம் இந்த வழியை மறந்தது. பாடசாலைகள்தான் அதை மீட்டெடுத்தன. 1999இல் அமெரிக்கரான ஜிம் மக்குவிலன், லினக்ஸ் முனைய வழங்கித் திட்டம் என்று பொருள்படும் எல்.ரி.எஸ்.பி.யைத் தொடங்கினார். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் அதைப் பாடசாலைகளுக்கு ஏற்றபடி பொதி செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். புளோரிடாவின் லார்கோ நகரசபை தன் ஊழியர் பல நூறு பேரின் மேசைகளில் வன்தட்டற்ற மெலிந்த முனையங்களை வைத்துப் பல வருடம் நிர்வாகம் நடத்தியது. அக்காலத்தில் முனையம் வெறும் திரையும் தட்டச்சுப் பலகையும்தான். கணிப்பு முழுவதும் வழங்கியில் நடக்கும். உபுண்டுவின் கல்விப் பதிப்புக்கான கையேட்டில் ஒரு சூத்திரம் இருந்தது. வழங்கிக்கு 256 மெகாபைற் நினைவகம், அதன்மேல் ஒவ்வொரு முனையத்துக்கும் 192 மெகாபைற். இருபது முனையம் என்றால் 4096. இன்று ஒரு கைத்தொலைபேசியில் அதைவிட அதிகம் இருக்கிறது.

பின்னர் அந்தத் திட்டமும் தளர்ந்தது. 2019இல் அதை அடியிலிருந்து மீண்டும் எழுதி உயிர்கொடுத்தவர் அல்கிஸ் ஜார்ஜோபூலோஸ் என்ற கிரேக்கர். கிரேக்கத்தில் நூற்றுக்கணக்கான பாடசாலைகளின் கணினி அறைகள் இந்த முறையில் இயங்குகின்றன. கடன் நெருக்கடியில் வருடக்கணக்காக முறிந்து கிடந்த ஒரு நாட்டில் இது நடந்தது என்பதை, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்திய எங்கள் நாடு கவனித்திருக்க வேண்டும். இப்போதைய முறையில் முனையங்கள் தங்கள் கணிப்பைத் தாங்களே செய்கின்றன; வழங்கி கோப்புகளை மட்டும் பரிமாறுகிறது. ஆகவே வழங்கியே மிகப் பெரிய கணினியாக இருக்கவேண்டியதில்லை. லண்டன் அலுவலகம் கழித்துவிடும் ஆறாம் ஏழாம் தலைமுறைக் கணினி, விண்டோஸ் 11க்கு ஆகாவிட்டாலும், இதற்குத் தாராளம்.

நான் இதை நேரில் கண்டது பாடசாலையில் அல்ல, ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில். பெயர் வேண்டாம். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. புதுக் கணினி வாங்க நிர்வாகத்திடம் பணமில்லை. ஆசிரிய பீடத்திலோ பத்துப் பேருக்கு நான்கு கணினி. ஒரு இளைஞர், இருபத்தைந்து வயதிருக்கும், களஞ்சிய அறையில் கிடந்த ஒன்பது பழைய கணினிகளைத் தூசு தட்டி, வன்தட்டுகளைக் கழற்றிவிட்டு, ஒரு வழங்கியோடு கோத்துவிட்டார். பேரிரைச்சலிட்ட பெட்டிகள் சத்தமில்லாமல் ஓடின. எங்கள் செய்தி ஆசிரியர் ஒரு வாரம் வரை அதை நம்பவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டியில் எழுதினால் எழுத்து எங்கே போகும் என்பது அவர் கேள்வி. தத்துவார்த்தமான கேள்விதான். பக்க வடிவமைப்பாளர்கள் மட்டும் இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. அவர்களுடைய பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும் விண்டோஸை விட்டு அசையாதவை.

ஒன்றரை வருடம் நன்றாகவே நடந்தது. ஒரு மாலை, பக்கம் மூட இரண்டு மணித்தியாலம் இருக்கையில், வழங்கியின் மின்வழங்கிப் பெட்டி கருகிப்போயிற்று. ஒன்பது திரைகளும் ஒரே கணத்தில் உறைந்தன. பேனாவை எடுத்தோம், கையால் எழுதி அச்சுக்கோர்ப்பாளர்களிடம் கொடுத்தோம், பத்திரிகை வந்தது. கருகிய பெட்டியை மறுநாளே மாற்றினார்கள். அதைவிடப் பெரிய அடி ஆறு மாதம் கழித்து வந்தது. அந்த இளைஞர் கனடாவுக்குப் போய்விட்டார். வழங்கியின் முதன்மைக் கடவுச்சொல்லும் அவரோடு போயிற்று. எழுதி வைக்கும்படி நிர்வாகம் அவரிடம் ஒருபோதும் கேட்டிருக்கவில்லை; அவருக்கு ஓர் உதவியாளரையும் கொடுக்கவில்லை; சம்பளத்தையும் கூட்டவில்லை. அடுத்த வருடம் ஒரு விற்பனையாளர் வந்து பத்து விண்டோஸ் கணினிகளைத் தவணைக்குத் தள்ளிவிட்டுப் போனார். ஒன்பது பெட்டிகளும் மீண்டும் களஞ்சிய அறைக்குப் போயின.

இந்த அனுபவத்தை வைத்து, ஒரே வழங்கியை நம்புவது ஆபத்து என்று வாதிடுவோர் உண்டு. உண்மைதான். எல்லா அதிகாரத்தையும் ஒரு மையத்தில் குவித்தால் என்ன நடக்கும் என்பதை இலங்கைத் தமிழனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆனால் கணினி அறை விடயத்தில் மையத்தின் ஆபத்துக்கு மலிவான பரிகாரம் இருக்கிறது. அதே மாதிரியான இரண்டாவது கணினியொன்றில் முதலாவதின் பிரதியை வைத்திருந்தால் போதும்; கம்பியை மாற்றிக் கொழுவினால் அறை மறுபடி எழும்பும். இருபது வன்தட்டுகளில் எது எப்போது சாகும் என்று எவராலும் சொல்ல முடியாத நிலைமைக்கு அப்படியொரு பரிகாரம் கிடையாது.

மின்சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதத்தில்தான் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கொழும்பில் நாளேடுகள் சனிக்கிழமைப் பதிப்பின் அச்சை நிறுத்தின. திடீர் மின்வெட்டு வன்தட்டுக்கு எமன். எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் போனால் கோப்பு முறைமை சிதையும். அடுத்த முறை கணினி எழும்பாது. இருபது கணினியையும் காப்பதற்கு இருபது யூ.பி.எஸ். வேண்டும். அவற்றின் மின்கலங்கள் எங்கள் வெக்கையில் இரண்டு மூன்று வருடம் தாங்கினால் பெரிய காரியம். வலையமைப்பிலிருந்து எழும் கணினிகளுக்கு அந்தக் கவலை இல்லை. மாணவன் கடைசியாகச் சேமித்ததற்குப் பிந்திய நாலு வரி போகும், அவ்வளவுதான். கெடுவதற்கு அவற்றுக்குள் ஒன்றும் இல்லை. வழங்கிக்கும் வலையமைப்புப் பெட்டிக்கும் மட்டும் ஒரு நல்ல யூ.பி.எஸ். போதும்.

தமிழ் விடயத்தில் இதன் நன்மை இன்னும் தெளிவு. கணினி அறைகளில் அடிக்கடி கண்டிருக்கிறேன்: ஒரு கணினியில் யூனிகோட் தமிழ் எழுதலாம், பக்கத்துக் கணினியில் பாமினி மட்டும் இருக்கும், மூன்றாவதில் தமிழே பெட்டி பெட்டியாகத் தெரியும். ஒன்றில் றெங்கநாதன் விசைப்பலகை, இன்னொன்றில் தமிழ்நாட்டின் தமிழ்99. மாணவன் குழம்பி ஆங்கிலத்துக்கே போய்விடுகிறான். வழங்கியில் ஒருமுறை எழுத்துருவையும் விசைப்பலகையையும் சரியாக அமைத்தால் இருபது கணினியிலும் அது அப்படியே வரும். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கிவிக்ஸ் என்ற மென்பொருளின் மூலம் ஒரு கோப்பாக இறக்கி வழங்கியில் வைத்தால், இணைய இணைப்பே இல்லாத தோட்டப் பாடசாலையிலும் பிள்ளைகள் அதைப் படிக்கலாம். கொரோனாக் காலத்தில் சமிக்ஞை தேடி மலையும் மரமும் ஏறிய பிள்ளைகளின் படங்களை நாங்கள் பத்திரிகைகளில் போட்டோம். அதற்குப் பிறகும், எல்லாம் இணையத்தில் இருக்கிறது, பாடசாலையில் எதற்கு வழங்கி என்று கொழும்பில் இருந்துகொண்டு கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

இனி எதிர்வாதங்கள். லினக்ஸில் படித்த பிள்ளை விண்டோஸ் அலுவலகத்தில் திண்டாடாதா என்பது பெற்றோரின் கேள்வி. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பஸ்கால் மொழி வருகிறது; உயர்தரத்தில் பைதன். இரண்டும் லினக்ஸில் இலவசமாக ஓடும். சொற்செயலி, விரிதாள் எல்லாவற்றுக்கும் லிப்ரே ஒபீஸ் இருக்கிறது. பொத்தான்கள் இடம் மாறியிருக்கும் என்பது உண்மை. மைக்ரோசொப்டே பதிப்புக்குப் பதிப்பு அவற்றை இடம் மாற்றுகிறது. யாரும் வேலையிழந்ததாகத் தெரியவில்லை. உரிமம் இல்லாத களவுப் பிரதியில் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதைவிட இது மேல் என்பது என் கட்சி. ஆனால் ஒளிப்படத் திருத்தம், அச்சு வடிவமைப்பு என்று தொழிலாகப் படிக்கவிரும்புபவர்களுக்கு விண்டோஸ் கணினி ஒன்றிரண்டு தனியாகத் தேவைப்படும். அதை மறைத்துப் பயனில்லை.

இன்னொரு விடயம், என் தொழில் சார்ந்தது. வழங்கியை நிர்வகிப்பவருக்கு எல்லாருடைய கோப்புகளும் திறந்த புத்தகம். எல்.ரி.எஸ்.பி.யோடு பயன்படும் எபோப்டிஸ் என்ற மென்பொருளில் ஆசிரியர் தன் திரையில் இருபது மாணவரின் திரைகளையும் சிறு சிறு படங்களாகப் பார்க்கலாம். மேற்பார்வையாளர் என்ற பொருள்படும் கிரேக்கச் சொல் அது. வகுப்பறைக்கு அருமையான கருவி. பத்திரிகைக் காரியாலயத்தில் அதை அனுமதிக்கக்கூடாது என்பேன். செய்தி மூலங்களின் பெயர்கள், கைபேசிக் குறிப்புகள், பிரசுரமாகாத வாக்குமூலங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் குவிந்திருந்தால், அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வருபவருக்கு வேலை சுலபம். இந்த நாட்டில் அப்படித் தூக்கிக்கொண்டு போகப்பட்ட பெட்டிகள் உண்டு. பாடசாலைக்கு நான் சிபாரிசு செய்வதை ஊடக நிறுவனங்களுக்கு அப்படியே சிபாரிசு செய்யமாட்டேன்.

சரி, காசு சேர்த்திருக்கும் சங்கங்கள் அதை எப்படிச் செலவழிக்கலாம்? முதலில், கப்பலில் கனமான பழைய மேசைக் கணினிகளை அனுப்பும் செலவையும் சுங்கத்தில் அலையும் அலைச்சலையும் கணக்குப் பாருங்கள். அதே வயதுக் கணினிகள் கொழும்பில் மலிவாகவே கிடைக்கின்றன. பாடசாலையில் துணியுறைக்குள் கிடக்கும் கணினிகளில் பாதிக்கு வன்தட்டு மட்டுமே பழுது. அவை இதற்கு அப்படியே உதவும். நினைவகத்தை 4 கிகாபைற்றாகக் கூட்டினால் இன்றைய இணைய உலாவிகளுக்கும் ஈடுகொடுக்கும். வழங்கிக்கு மட்டும் நல்ல கணினியாக, எஸ்.எஸ்.டி. தட்டுடன், வாங்குங்கள். அதே மாதிரியில் இன்னொன்றையும் வாங்கி அலுமாரியில் வையுங்கள்.

வலையமைப்புப் பெட்டியில் சிக்கனம் பார்க்காதீர்கள். வழங்கிக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையே நூறு மெகாபிற் இணைப்பு என்றால் செக்கனுக்குப் பன்னிரண்டு மெகாபைற் அளவுதான் போகும். பாடவேளை மணி அடித்ததும் இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆளியை அமத்தினால் ஒருவருக்கு அரை மெகாபைற்றுக்குச் சற்றுக் கூட. கணினி எழும்புவதற்குள் பாடவேளையில் கால்வாசி போய்விடும். ஜிகாபிற் இணைப்பு அதைப் பத்து மடங்காக்கும். விலை வித்தியாசமோ இன்று அற்பம். கம்பிகளைச் சுவரோரம் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள். எலிக்குக் கம்பி மிகவும் பிடிக்கும்.

மிச்சக் காசைக் கணினிக்குச் செலவழிக்க வேண்டாம். ஆட்களுக்குச் செலவழியுங்கள். ஐ.சி.ரி. ஆசிரியர் ஒருவரை மட்டுமன்றி, இரண்டாவது ஆசிரியர் ஒருவரையும், உயர்தர வகுப்பில் இதில் ஆர்வமுள்ள இரண்டு மூன்று மாணவரையும் சேர்த்துப் பயிற்றுவியுங்கள். வழங்கியை வெறும் தட்டிலிருந்து முழுதாக நிறுவிக் காட்டவேண்டும். அதைத் தமிழில், படிப்படியாக, ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். அலுமாரியில் உள்ள இரண்டாவது கணினியைத் தவணைக்கு ஒருமுறை எடுத்து, முதலாவதை நிறுத்திவிட்டு, அதிலிருந்து அறையை எழுப்பிப் பார்க்கவேண்டும். இதைச் செய்யும் ஆசிரியருக்கு மாதாந்தம் ஒரு சிறு கொடுப்பனவைச் சங்கம் மூன்று வருடத்துக்காவது உறுதிசெய்தால் நல்லது. திறப்பு விழாவுக்குச் செலவாகும் பந்தலும் ஒலிபெருக்கியும் சிற்றுண்டியும் அதற்குப் போதும்.

கடவுச்சொற்களை எழுதி, உறையிலிட்டு, முத்திரை வைத்து, அதிபரின் பெட்டகத்தில் வைக்கச் சொல்லுங்கள். அதிபர் மாறும்போது பொறுப்பேற்கும் பொருட்களின் பட்டியலில் அந்த உறையும் ஓர் இலக்கத்தோடு இருக்கவேண்டும்.